எந்தப் பெட்டி?

ஆடு வாங்கப் போகிறவனுக்குத் துணையாகப் போவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. பணம் நம்முடையதல்ல, ஆடும் நம்முடையதல்ல; அபிப்பிராயம் மட்டும் நம்முடையது. அதை எவ்வளவு வேண்டுமானாலும் தாராளமாக வழங்கலாம். வீட்டுக்கு வந்த மறுநாள் ஆடு நொண்டினால் நம்மை யாரும் கேட்கப் போவதில்லை. அந்தச் சுகத்துக்கு ஆசைப்பட்டுத்தான் நான் வீரசோழன் சந்தைக்குப் போனேன். போன இடத்தில் ஆட்டைப் பற்றி ஒருவரும் என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறொரு சமாசாரம்.

வீரசோழன் என்ற பெயரைக் கேட்டதும் வாசகர்கள் கோட்டை கொத்தளம், குதிரைப் படை, முத்துமாலை என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். நானும் சின்ன வயதில் அப்படித்தான் பண்ணிக்கொண்டேன். சரித்திர நாவல் எழுதுகிறவர்கள் இந்த ஊரை எப்படி விட்டுவைத்தார்கள் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, ரமண மகரிஷி பிறந்த திருச்சுழியைத் தாண்டி, நரிக்குடிச் சீமைக்குள் நுழைந்ததுமே கற்பனை வற்றிப் போய்விடும். வானம் பார்த்த பூமி. கண்மாய் என்று பெயர் சொல்லிக்கொண்டு கிடக்கும் பள்ளங்கள். பத்து மாசமும் அவற்றை நிரப்பிக் கொண்டிருப்பது தண்ணீர் அல்ல, சீமைக் கருவேல மரம். அங்கங்கே கரிமூட்டத்துப் புகை. நடுவில் திடீரென்று பள்ளிவாசல் மனோரா தெரிந்து, மாடி வீடுகள் தெரிந்து, ஊர் வந்துவிடும். அந்த மாடி வீடுகளைக் கட்டியது இந்த மண் அல்ல. மலேயாவும் சிங்கப்பூரும் பிறகு அரபுச் சீமையும் கட்டினவை.

என் நண்பர் அந்த ஊர்க்காரர். அருப்புக்கோட்டையில் நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். அவர் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. நான் வேறு ஜாதி. ஆனால் எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட இரண்டு பேர் சந்தித்தால் ஒருவரை ஒருவர் 'மாப்பிள்ளை' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். எந்தத் தலைமுறையில் யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. உறவு மட்டும் நிலைத்துவிட்டது.

சந்தையில் அவரைப் பார்க்க வேண்டும்! எழுபதை நெருங்கும் வயதில், ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்க்கிற லாகவம் என்ன! முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "கறி பன்னிரண்டு கிலோ நிக்கும், அதுக்கு மேலே சொன்னா அவன் வாய்க்கு வந்தது" என்று தீர்ப்புச் சொல்கிறார். பிறகு தரகர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடுகிறார்கள். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசுகின்றன. பக்கத்தில் நிற்கிற எனக்கு ஒன்றும் புரியவில்லை. துண்டை எடுத்தபோது ஆடு கைமாறி இருந்தது.

இப்பேர்ப்பட்ட மனிதர், சாப்பிட்டு முடித்து வெற்றிலைத் தட்டோடு திண்ணையில் உட்கார்ந்ததும், குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்:

"மாப்ளே, நீ நாலு எடம் போயி வர்றவன். இந்த வீடியோ கேம்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுல எந்தப் பெட்டி வாங்கறது?"

நான் வெற்றிலையை மடித்தபடியே அவரைப் பார்த்தேன். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். வேடிக்கை இல்லை.

விஷயம் இதுதான். அவருடைய மகன் சவூதியில் லாரி ஓட்டுகிறான். ஊருக்கு வந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. பேரன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். போன மாசம் மகன் ஐம்பதாயிரம் ரூபாய் அனுப்பினான். வீட்டுச் செலவுக்கு அனுப்புகிற பணம் வேறு, இது தனி. 'இது பையனுக்கு. அவன் ஆசைப்பட்ட கேம் பெட்டி வாங்கிக் கொடுங்கள். வேறு எதற்கும் தொடக்கூடாது' என்று கட்டளை. அன்றையிலிருந்து வீட்டில் சமாதானம் இல்லை. மருமகள் ஒன்று சொல்கிறாள், மச்சினன் மகன் ஒன்று சொல்கிறான், பேரன் வாயையே திறப்பதில்லை.

"அவனுக்குத்தான் வாங்கறதுன்னா அவனைக் கேட்டா முடிஞ்சுது" என்றேன்.

"கேட்டுப் பார்த்தாச்சு. 'எதானாலும் சரி'ங்கிறான். எதானாலும் சரிங்கிறவன்கிட்டே என்ன பேரம் பேச?" என்றார் நண்பர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "எனக்கு இதெல்லாம் பிடிக்கலே மாப்ளே. ஏற்கனவே ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் அவ அம்மா செல்லை வச்சுக்கிட்டு மாடியிலே உக்காந்திருக்கான். இனிமே பெட்டியும் வந்துட்டா விடிஞ்சுரும். வேண்டாம்னு சொல்லவும் எனக்கு வாய் வரலே."

வாய் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் நேராகச் சொல்லவில்லை. சுண்ணாம்பை விரலில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி சொன்னார். முப்பது வருஷத்துக்கு முந்தின கதை. அப்போது அரபு நாட்டிலிருந்து வருகிறவர்கள் டி.வி.யில் மாட்டி ஆடுகிற பெட்டி ஒன்று கொண்டுவருவார்கள். வாசகர்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மஞ்சள் நிறத்தில், சிவப்பு நிறத்தில் காஸெட். அட்டையில் லட்சக் கணக்கான ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே திருப்பித் திருப்பி நாலே ஆட்டம்தான். ஜப்பானில் நின்டெண்டோக்காரர்கள் 1983-ல் போட்ட ஃபாமிகாம் என்ற யந்திரத்தைப் பார்த்துக் காப்பியடித்தவை அவை. அசல் பெட்டி எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலும் நான் பார்த்ததில்லை. நகல்தான் மாரியோவையும் காண்ட்ராவையும் நம் கிராமங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் பெட்டி ஒன்று அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு வந்தது. நண்பரின் மகனுக்கு அப்போது பத்து வயசோ பதினொன்றோ. அந்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினம் மாலை நின்றிருக்கிறான். ஒரு நாள் கேட்டும் விட்டான். அந்த வருஷம் நண்பருக்கு வற்றல் வியாபாரத்தில் பலத்த அடி. கேட்டவனுக்கு ஓர் அறை கொடுத்தார்.

"அதுக்கப்புறம் அவன் எங்கிட்டே எதையும் கேட்டதே இல்லே மாப்ளே. பாஸ்போர்ட் எடுக்கக்கூட அவன் மாமன்கிட்டேதான் பணம் கேட்டான்."

இதற்கு என்ன பதில் சொல்வது? நான் பெட்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். மனசு கனக்கிறபோது சாமான்களைப் பற்றிப் பேசுவது ஆண்களின் வழக்கம்.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஞானம் உண்டு என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். நோக்கியா போனில் பாம்பு விளையாட்டு என்று ஒன்று இருந்தது. 1997-ல் வந்த அந்தப் பாம்பு என் கைக்கு வந்து சேர ஆறேழு வருஷம் ஆயிற்று. அதன் பிறகு ஒரு தொடர்கதையின் மூன்று அத்தியாயங்களை அது விழுங்கிவிட்டது. பத்திரிகை ஆசிரியர் போன் பண்ணும்போது பாம்பு சுவரில் மோதிச் செத்துப்போகும். அவர்மேல் எனக்கு அதனால் உண்டான கோபம் நியாயமானதல்ல என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்தப் போன்களை ஸ்ரீபெரும்புதூரிலேயே லட்சக் கணக்கில் செய்துகொண்டிருந்தார்கள். 2014-ல் அந்தத் தொழிற்சாலை நின்றபோது எனக்குப் பாம்பைத்தான் நினைக்கத் தோன்றியது.

சரி, பெட்டிகளுக்கு வருகிறேன். மூன்று ஜாதி. கம்ப்யூட்டர் ஒன்று. டி.வி.யில் மாட்டுகிற கன்ஸோல் ஒன்று. கையில் வைத்திருக்கிற மொபைல் ஒன்று.

வயசில் மூத்தது கம்ப்யூட்டர்தான். 1962-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கலாசாலையில், அறையை அடைத்துக்கொள்ளும் யந்திரத்தில் மாணவர்கள் இரண்டு ஆகாயக் கப்பல்களைச் சண்டை போட வைத்தார்கள். யந்திரத்தின் விலை லட்சம் டாலருக்கு மேல். விளையாட்டுக்குக் காசு கிடையாது. கன்ஸோல் பத்து வருஷம் இளையது. 1972-ல் வீட்டு டி.வி.க்கு வந்தது. இந்தத் தொழிலில் பெரிய பெயர் எடுத்த நின்டெண்டோ கம்பெனி 1889-ல் கியோட்டோ நகரத்தில் சீட்டுக்கட்டு செய்து விற்க ஆரம்பித்தது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சீட்டுக்கட்டில் புறப்பட்ட வண்டி சுற்றிச் சுற்றி மறுபடியும் மொபைல் போனில் சீட்டுக்கட்டாகவே வந்து நின்றிருக்கிறது. அந்தச் சங்கதியைப் பின்னால் சொல்கிறேன்.

நம் கிராமத்துக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டைக் கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா? தமிழ்நாடு சர்க்கார்! 2011 செப்டம்பர் 15-ந் தேதி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தார்கள். படிப்புக்காகக் கொடுத்தார்கள், பிள்ளைகள் படிக்கவும் செய்தார்கள். ஆனால் அதோடு வைஸ் சிட்டி என்ற ஆட்டத்தையும் பென் டிரைவில் ஒருவருக்கொருவர் ஈந்து வளர்த்தார்கள். அமெரிக்காவில் 2002-ல் வந்து பழசாகிப்போன ஆட்டம். பத்து வருஷம் கழித்து நம் கரிசல் காட்டுப் பிள்ளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மியாமி மாதிரி ஒரு பட்டணத்தில் கார் ஓட்டினார்கள். திண்ணையில் ஒருவன் ஓட்ட, பின்னால் எட்டுப் பேர் நின்று வழி சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நண்பர் வீட்டிலும் அப்படி ஒரு மடிக்கணினி உண்டு, மச்சினன் மகனுடையது. பாட்டரி செத்து, பரணில் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

அந்த மச்சினன் மகன் இப்போது கோயமுத்தூரில் வேலை பார்க்கிறான். அவன் கட்சி கம்ப்யூட்டர் கட்சி. 'ஆடவும் ஆடலாம், படிக்கவும் படிக்கலாம், நாளைக்கு ஆட்டத்தைத் தானே செய்யவும் செய்யலாம்' என்பது அவன் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆட்டங்கள் மலிவு. வருஷத்துக்கு நாலு தடவை தள்ளுபடி வருகிறது. பத்து வருஷத்துக்கு முன் வாங்கின ஆட்டம் இன்றைய யந்திரத்திலும் ஓடும். சிலதை இனாமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் யந்திரம்? ஐம்பதாயிரத்துக்குக் கிடைக்கிற கம்ப்யூட்டர் கணக்கெழுதும், பாடம் படிக்கும். புது ஆட்டத்தைப் போட்டால் மூச்சு வாங்கும். படம் வரைகிற கார்டு தனியாக வேண்டும். அதன் விலையைக் கேட்டால் நமக்கும் மூச்சு வாங்கும். போதாக்குறைக்கு 2025 கடைசியில் கம்ப்யூட்டரின் ஞாபகத் தகடுகள் தாறுமாறாக விலை ஏறின. செயற்கை அறிவு நிலையங்கள் உலகத்திலுள்ள தகடுகளையெல்லாம் வாரிக்கொண்டு போனதால் ஏற்பட்ட பஞ்சம். இதோடு எங்கள் பக்கத்துப் புழுதியையும் சித்திரை வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குள் விசிறி சுற்றிக் காற்றை இழுக்கிறது; காற்றோடு வீரசோழனையும் இழுக்கிறது. கெட்டுப்போனால் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ போகவேண்டும்.

மருமகள் கன்ஸோல் கட்சி. காபி கொண்டுவந்து வைத்தவள், கதவோரம் நின்று தன் வாதத்தைச் சொன்னாள். பாமரத்தனமான வாதமாக ஆரம்பித்தது. யோசிக்க யோசிக்க எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமான வாதமாகப் பட்டது.

"டி.வி.ங்கிறது கூடத்துலே இருக்கு மாமா. அவன் என்ன ஆடறான், எவ்வளவு நேரம் ஆடறான்னு எல்லாருக்கும் தெரியும். செல்லுன்னா போர்வைக்குள்ளே போயிரும்."

கூடத்தில் இருப்பது என்ற ஒரு குணத்துக்காகவே ஒரு பெட்டியை வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கன்ஸோலில் வேறு சில சௌகரியங்களும் உண்டு. மாட்டினால் ஓடும். இந்த ஆட்டத்துக்கு இந்த யந்திரம் போதுமா என்ற விசாரம் கிடையாது. இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். ஆனால் மகன் யாரோ அறைத் தோழன் சொன்ன விலையை வைத்துப் பணம் அனுப்பிவிட்டான். பிளேஸ்டேஷன் ஐந்து இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ந் தேதி வந்தபோது ரூ. 49,990. சாமான் பழசாகப் பழசாக விலை குறையும் என்பதுதானே உலக வழக்கம்? அடுத்த வருஷக் கடைசியில் அதையே ரூ. 54,990 ஆக்கினார்கள். பெட்டிக்கே பற்றாது. அப்புறம் ஒவ்வோர் ஆட்டமும் ஆயிரக் கணக்கில். நாலு பேரோடு இணையத்தில் சேர்ந்து ஆட வேண்டுமானால் பல ஆட்டங்களுக்கு வருஷச் சந்தா வேறு. ஓர் ஆட்டத்தை இறக்கிக்கொள்ள நூறு ஜி.பி. வேண்டும் என்றால், செல்போன் டவரை நம்பியிருக்கிற வீட்டில் அது அமாவாசைக்கு ஆரம்பித்தால் பௌர்ணமிக்கு முடியும். ஆனை வாங்கின பிறகு அங்குசம், சங்கிலி, பாகன், கரும்பு என்று வரிசையாக வருகிற கதை.

மூன்றாவது ஜாதியைத்தான் நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்துவிட்டது. தேர்ந்தெடுத்தது என்று சொல்வதுகூடத் தப்பு. 2016 செப்டம்பரில் ஜியோக்காரர்கள் இணையத்தை வாரி இறைத்தார்கள். போன் ஏற்கனவே கையில் இருந்தது. விளையாட்டு தானாக வந்து அதில் குடியேறியது. தனியாகப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஆட்டத்துக்கும் விலை இல்லை. அதாவது முதலில் இல்லை. பிறகு சட்டைக்குக் காசு, துப்பாக்கிக்குப் பூச்சு பூசக் காசு, காத்திருக்காமல் இருப்பதற்குக் காசு. கண்ணுக்குத் தெரியாத துண்டுக்கு அடியில் விரலைப் பிடிக்கிற பேரம்.

நண்பர் பயந்தது இதைக் குறித்தும் அல்ல, சீட்டாட்டத்தைக் குறித்து. அருப்புக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவுக் குடும்பத்தில் மூத்த பையன், தறிக்கு வாங்கின முன்பணத்தைப் போனில் ரம்மி ஆடித் தொலைத்தான். எந்தக் கம்பெனியுடைய ஆட்டம் என்பது இப்போது எதற்கு? அந்தக் குடும்பத்துப் பெரியவர் எழுபது வயசில் மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். இப்படி நாடெங்கும் எத்தனையோ வீடுகள். தமிழ்நாட்டில் 2022-ல் சட்டம் போட்டார்கள். 2023 நவம்பரில் சென்னை ஐகோர்ட் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து எடுத்துவிட்டது. 2025-ல் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று விதி செய்தார்கள். அதைக் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. அதே வருஷம் ஆகஸ்டில் பார்லிமென்ட், பணம் கட்டி ஆடுகிற இணைய ஆட்டங்களையே தடை செய்து சட்டம் இயற்றியது. நண்பருக்கு இந்த வித்தியாசங்கள் தெரியாது. அவருக்கு செல் என்றால் செல். ராத்திரி பன்னிரண்டு மணி என்றால் கெட்ட நேரம்.

நான் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து, பிளஸ் ஒன் வரை காத்திருந்து, நல்ல கம்ப்யூட்டராக வாங்குவதே உசிதம் என்று தீர்ப்பு எழுதத் தயாராகிவிட்டேன். பையன் அந்த வகுப்பில் கம்ப்யூட்டர் பாடத்தை எடுத்தால் பணம் பிரயோஜனப்படும். இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. எவ்வளவு சாமர்த்தியமான தீர்ப்பு! என்னை நானே மெச்சிக்கொண்டு இருக்கும்போது பள்ளிக்கூடம் விட்டுப் பையன் வந்தான்.

ஒல்லியாக, உயரமாக, நண்பரின் மூக்கோடு. எனக்கு ஸலாம் சொல்லிவிட்டு உள்ளே நழுவப் பார்த்தான். நான் பிடித்து உட்கார வைத்தேன். திண்ணைக் கல்லில் பழைய ஆடுபுலிக் கட்டம் கீறியிருந்தது. மூன்று புலி, பதினைந்து ஆடு. கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் பொறுக்கிக்கொண்டு, "ஆடுவோமா?" என்றேன். அவன் ஆட்டை எடுத்துக்கொண்டான். நான் புலி. பத்து நிமிஷத்தில் என் மூன்று புலிகளும் அசைய வழியில்லாமல் நின்றன. என்னைத் தோற்கடித்ததும் அவனுக்கு என்மேல் ஒரு பிரியம் உண்டாகிவிட்டது. தோற்றுக் கொடுப்பது பிள்ளைகளோடு பேச நல்ல வழி. ஆனால் அன்றைக்கு நான் தோற்றுக் கொடுக்கவில்லை, நிஜமாகவே தோற்றேன்.

"ராத்திரியிலே மாடியிலே என்ன ஆடறே?" என்று கேட்டேன்.

அவன் நண்பரைப் பார்த்தான். அவர் வேண்டுமென்றே தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லூடோ, தாத்தா."

"லூடோவா! துப்பாக்கி ஆட்டம் இல்லையா?"

"அது இருந்துச்சு. அத்தாவும் நானும் சேர்ந்து ஆடினோம், பப்ஜி. 2020-லே தடை பண்ணிட்டாங்கள்ல. அப்புறம் வேற பேர்லே வந்துச்சு. ஆனா அது இந்தியாவுக்கு மட்டும். அத்தா இருக்கிற ஊர்லே வேற. ரெண்டும் சேராது."

நான் கணக்குப் பண்ணிப் பார்த்தேன். பையன் சொன்னது சரி. 2020 செப்டம்பர் 2-ந் தேதி சர்க்கார் தடை செய்த நூற்றுப் பதினெட்டு செயலிகளில் அதுவும் ஒன்று. அடுத்த வருஷம் ஜூலையில் இந்தியாவுக்கென்றே வேறு பெயரில் வந்தது. 2022-ல் அதையும் நிறுத்தினார்கள். 2023-ல் மறுபடியும் விட்டார்கள், பதினெட்டு வயசுக்குக் கீழே இருந்தால் நாளைக்கு மூன்று மணி நேரம் என்ற கட்டுப்பாட்டோடு. எல்லைத் தகராறும் தேசப் பாதுகாப்பும் டில்லியில் பேசப்பட்டபோது, வீரசோழன் மாடியில் ஒரு பையனும் சவூதியில் ஒரு லாரி டிரைவரும் வேறு வேறு ஆட்டத்துக்குள் போய்விட்டார்கள். டில்லி செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. இப்படியும் நடந்தது என்று சொல்கிறேன்.

"அதனாலே லூடோவா?"

"ஆமா. அதுலே எங்கே இருந்தாலும் சேர்ந்து ஆடலாம். ஊரடங்கப்போ பிளேன் இல்லாம அத்தா அங்கேயே மாட்டிக்கிட்டாங்கள்ல, அப்பவே ஆட ஆரம்பிச்சது. அம்மாவும் ஆடுவாங்க."

உள்ளேயிருந்து பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

"பன்னண்டு மணிக்குத்தான் ஆடணுமா?" என்று தெருவைப் பார்த்தபடியே நண்பர் கேட்டார்.

"அத்தா லாரியை நிறுத்திட்டு, குளிச்சுட்டு ரூமுக்கு வர்றதுக்கு அங்கே மணி ஒம்பது. அங்கே ஒம்பதுன்னா இங்கே பதினொண்ணரை."

அவ்வளவுதான் சொன்னான். இரண்டரை மணி நேர வித்தியாசம். பூகோளப் புஸ்தகத்தில் நான் படித்துப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது ஒரு வீட்டில் இப்படித் தகராறாக வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை. நண்பர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலைத் தட்டை எடுத்தார், வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

லூடோ ஒன்றும் அந்நிய ஆட்டம் அல்ல. நம் தாயக்கட்டத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். வடக்கே பச்சீசி என்று ஆடினதை வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய், 1896-ல் காப்புரிமை வாங்கி, லூடோ என்று பெயர் வைத்தார்கள். 2016-ல் பம்பாய்க் கம்பெனி ஒன்று அதை லூடோ கிங் என்று போனில் ஏற்றியது. ஆயிரக் கணக்கான மைல் சுற்றி, நாலு யந்திரம் மாறி, கடைசியில் அது நம் திண்ணைக்கே வந்திருக்கிறது.

"அப்படின்னா உனக்கு எந்தப் பெட்டி வேணும்? உண்மையைச் சொல்லு. பணம் உன்னுடையது" என்றேன்.

அவன் ஒரு புளியங்கொட்டையை உருட்டிக்கொண்டே சொன்னான்: "எந்தப் பெட்டி வாங்கினாலும் அத்தாகிட்டே அந்தப் பெட்டி இல்லையே. அவங்க ரூம்லே ஆறு பேரு. கட்டிலுக்கு மேலே கட்டில். கம்ப்யூட்டர் வைக்க எடம் கிடையாது. டி.வி.யும் பொது."

"அப்போ செல்லு போதுமா?"

"எனக்கு அம்மா செல்லு இருக்கு. அத்தா செல்லுதான் கண்ணாடி உடைஞ்சிருக்கு. தாயம் உருட்டற எடத்துலேயே கோடு விழுந்திருக்கு. அவங்களுக்கு விழுந்த நம்பரை நான்தான் சொல்லணும்." இதைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டான். "அத்தாகிட்டே நான் இப்படிச் சொன்னேன்னு சொல்லாதீங்க தாத்தா. அவங்க பெரிய பெட்டிதான் வாங்கணும்னு சொல்றாங்க. வாங்கினா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க."

நான் எழுதி வைத்திருந்த தீர்ப்பை மனசுக்குள்ளேயே கிழித்துப் போட்டேன். ஞாபகத் தகடு, வருஷச் சந்தா, நூறு ஜி.பி. என்று என்னென்ன பேசினேன்! யாரோடு ஆடப் போகிறாய் என்ற முதல் கேள்வியை மட்டும் கேட்க மறந்துபோனேன். ஆட்டின் பல்லைப் பார்க்கத் தெரிந்த நண்பரும் மறந்துபோனார்.

அன்று மாலை நண்பரும் நானும் கண்மாய்க் கரைப் பக்கம் நடந்தோம். கமுதிப் பக்கத்தில் 2016-ல் வைத்த சூரிய மின்சாரப் பலகைகளைப் பற்றி அவர் பேசினார். மழை பெய்யாத வானத்திலும் ஏதோ ஒன்று விளைகிறது என்றார். பெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. திரும்பும்போது மட்டும், "அடுத்த வாரம் எங்க தெருப் பையன் ஒருத்தன் தம்மாம் போறான்" என்றார். சற்று நடந்து, "செல்லுலே நல்ல செல்லு என்ன விலை ஆகும் மாப்ளே? கண்ணாடி உடையாத மாதிரி" என்று கேட்டார். நான் சொன்னேன். "மிச்சம் இருக்குமே" என்றார். மிச்சம் பையன் பேரில் போஸ்டாபீஸில் கிடக்கட்டும், இரண்டு வருஷம் கழித்துக் கம்ப்யூட்டருக்கு ஆகும் என்றேன். என் பழைய தீர்ப்பில் ஒரு மூலையையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் அல்லவா?

போட்டோ அனுப்பச் சொன்னானே, அதற்கு என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனுக்கு என்ன சொல்வது என்பது அந்த வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். தகப்பனும் மகனும் அதை எப்படியாவது பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்ளாமலும் இருக்கலாம்.

ராத்திரி எனக்கு மாடியில் படுக்கை போட்டிருந்தார்கள். வெக்கைக்குத் தூக்கம் வரவில்லை. பதினொன்றரை இருக்கும். படியில் காலடிச் சத்தம். பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். பின்னால் அவன் அம்மா. நான் தூங்குகிறேன் என்று நினைத்துக் கைப்பிடிச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவதாக ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"நாலு பேரு ஆடலாம்லே அது?" என்று நண்பரின் குரல் கேட்டது.

"ஆடலாம்."

"எனக்கு எந்தக் காய்?"

போனுக்குள்ளிருந்து யாரோ சிரிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. பிறகு வெகு நேரம் பகடை உருளும் சத்தமும், நடுநடுவே, "அத்தா, உங்களுக்கு அஞ்சு. நகர்த்துங்க" என்று பையன் சொல்வதும் கேட்டுக்கொண்டிருந்தன.

யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை. நான் தூங்கிப் போய்விட்டேன்.